பிரிக்கக் கூடாத பொட்டலம்

வெயிலுகந்தம்மாள் சாமியை ஏமாற்றினவள் என்று எங்கள் ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள், மினி பஸ்ஸில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். பேசுகிறவன் வாயில் மிளகாய் வற்றலை அள்ளித் திணித்தால் என்ன என்று இருக்கிறது எனக்கு. எங்கள் பக்கம் வற்றலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் நியாயம் பார்த்தால் முதல் கை வற்றல் என் வாயில்தான் விழ வேண்டும்.

என் பெயர் மகாராஜா. ராஜா எல்லாம் பெயரில் மட்டும்தான். நாகலாபுரத்துக்குக் கிழக்கே, கரிசலுக்கு நடுவில் கிடக்கிற ஊரில் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறேன். வெயிலுகந்தம்மாள் எனக்குச் சொந்தம் இல்லை, பக்கத்து வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டே பழகிவிட்டது.

அக்காவை ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றி வேலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் அனுப்பினார்கள், ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பதினேழு வயதில், கல்யாணம் பேசி முடித்த மாதம், அவள் வேலை பார்த்த கொட்டகையில் தீப் பிடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் வெந்துபோய், ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனவர்கள்தான், அதற்குப் பிறகு ஆளைக் காணோம். அந்தப் பழத்தை என்ன செய்தாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"பசிச்சுதுலே, தின்னேன்" என்றாள்.

நானாக இருந்தால் அந்தச் சீப்பை எடுத்து அவர்கள் மூஞ்சியிலேயே எறிந்திருப்பேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். என்னைப் பற்றி அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அந்தக் கையோடு மிளகாய் பறிக்கப் போனால், மற்றவர்கள் இரண்டு நிரை முடிக்கும்போது அவள் ஒரு நிரையில் பாதியில் நிற்பாள். பருத்தி எடுப்புக்கும் அதே கதைதான். யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் ஊருக்கு மேற்கே இருக்கிற காட்டய்யனார் கோவிலைக் கூட்டிப் பெருக்குகிற வேலையைக் கொடுத்தார்கள். கூலி என்று கிடையாது. படைத்த சோறு, ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு சேலை, அறுப்புக் காலத்தில் களத்துக்கு ஒரு படி கம்போ குதிரைவாலியோ. இருபத்திரண்டு வருஷம் அந்த வாரியலைப் பிடித்தாள்.

காட்டய்யனார் என்று பெயர் வந்ததே கோவிலைச் சுற்றி இருக்கிற காட்டினால்தான். நாலு ஏக்கர். உடை, வன்னி, வேம்பு, ஆத்தி, மஞ்சணத்தி எல்லாம் பின்னிக்கொண்டு கிடக்கும். சுற்றிலும் கரிசல், கரிசலைத் தாண்டினால் சோலார் தகடு, அதையும் தாண்டினால் காற்றாடி. நிழல் என்று சொல்ல எங்களுக்கு அந்த நாலு ஏக்கர்தான். அதில் ஒரு சுள்ளியை ஒடிக்கக் கூடாது, தானாக விழுந்த விறகைக்கூட எடுக்கக் கூடாது, அது சாமியின் சொத்து. இதுதான் ஊர்க் கட்டு. விறகுக்கு அலைகிற பஞ்ச காலத்தில்கூட யாரும் அதை மீறியது இல்லை.

அந்தக் காட்டில்தான் அந்தக் குருவி இருந்தது. அக்கா அதை மஞ்சக்குருவி என்பாள். கொடை பார்க்க வந்த ஒரு வாத்தியார் அதற்கு மாம்பழச்சிட்டு என்று பெயர் சொன்னார். எனக்குக் குருவி என்றால் எல்லாம் குருவிதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வயிறு நல்ல மஞ்சள், முதுகு பச்சையும் கருப்புமாக இருக்கும், இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு. தரைக்கு இறங்கவே இறங்காது. இலை இலையாகத் தாவும், தலைகீழாகத் தொங்கும், இலைக்கு அடியில் ஒளிந்திருக்கிற புழுவைத் தேடித் தின்னும். ஆளைப் பார்ப்பது கஷ்டம், சத்தம்தான் முதலில் வரும். நீட்டி ஒரு விசில் அடித்து, சட்டென்று கீழே இறக்கி முடிக்கும். யாரோ நம்மைக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். நானே இரண்டு தடவை திரும்பிப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

"சேவல் என்ன கூத்துக் கட்டும் தெரியுமாலே?" என்று அக்கா ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். ஆண் குருவி கிளையில் இருந்து நேராக மேலே எழும்புமாம். எழும்பி, உடம்பு மயிரை எல்லாம் சிலுப்பிக்கொண்டு, வெடித்த பருத்திக் காய் மாதிரி உருண்டையாகி, சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குமாம். "பொட்டைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. அவ பாட்டுக்குப் புழு பொறுக்கிட்டு இருப்பா. இவன் மறுபடியும் ஏறுவான், மறுபடியும் விழுவான்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்தக் குருவிப் பேச்சில் மட்டும்தான்.

வைகாசி பிறந்தால் கூடு கட்ட ஆரம்பிக்கும். கிளைக் கவட்டையில், ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளுகிற அளவுக்குச் சின்னக் கிண்ணம். மெல்லிய புல்லை வளைத்து வைத்து, அதன்மேல் சிலந்தி வலையை இழுத்து இழுத்து ஒட்டும். வலை இல்லை என்றால் அதற்கு வீடு இல்லை. இதற்காகவே அக்கா வைகாசியில் இருந்து ஆடி வரைக்கும் கோவில் மதிலின் வெளிப்புறம் ஒட்டடை அடிக்க மாட்டாள். குருவி வந்து அலகால் வலையைச் சுருட்டிக்கொண்டு போகும். இரண்டோ மூன்றோ முட்டை வைக்கும். ஆணும் பெண்ணும் முறை போட்டு அடைகாக்கும், முறை போட்டு இரை கொடுக்கும். முட்டையில் இருந்து குஞ்சு பறக்கிற வரைக்கும் ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க அக்கா அந்த மரத்தடிக்கு வாரியலைக் கொண்டுபோக மாட்டாள். ஆள் போய் வந்தால் காக்கை வேவு பார்த்துக் கூட்டைப் பிரித்துவிடும் என்பாள்.

மதிலில் ஒட்டடை தொங்குகிறது, மரத்தடியில் சருகு கிடக்கிறது, கூட்டத் துப்பில்லாதவள் என்று கோவில் கமிட்டிக்காரர்கள் அவளை ஏசாத வருஷம் இல்லை. அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதும் இல்லை.

இந்த வருஷம் ஆனி மாதம், கமிட்டித் தலைவர் சுந்தரபாண்டிக்கு ஒரு ஆசை வந்தது. கோவில்பட்டியில் கடை, ஊரில் மாடி வீடு, சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருக்கிற மனிதர். ஆடிக் கொடைக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் காரில் வருகிறார்கள், காட்டு உடை முள் காரைக் கீறுகிறது, அதனால் கோவிலுக்கு மேற்கே இருக்கிற காட்டை அழித்துவிட்டு ஒரு தகரக் கொட்டகை போட வேண்டும், முகப்பில் அவர் அப்பா பெயரை எழுத வேண்டும் என்றார். காரைக் கீறுகிறதாம்! ரோட்டில் நிறுத்திவிட்டு இருநூறு அடி நடந்து வந்தால் குலசாமி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுமா? இதை ஊர்க் கூட்டத்தில் கேட்க ஒரு ஆம்பளை இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டது அக்கா ஒருத்திதான். வாரியலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"அண்ணாச்சி, மேக்க நிக்க மஞ்சணத்தியில மஞ்சக்குருவி குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னும் கண்ணு தெறக்கல. ஒரு இருவது நாள் பொறுங்களேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குருவிக்குப் பிள்ளப்பேறு பாக்க நர்ஸ கூட்டிட்டு வருவமா?" என்று ஒருத்தன் கேட்டான், அதற்கும் சிரித்தார்கள்.

"சிரிங்க" என்றாள் அக்கா. "காடு உங்களுதும் இல்ல, எனதும் இல்ல. சாமிக்குள்ளது. சாமிகிட்டக் கேட்டியளா?"

சிரிப்பு நின்றது. வயதானவர்கள் நாலு பேர், அவள் சொல்லுவது சரிதானே என்று தலையை ஆட்டினார்கள். சுந்தரபாண்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார்: "கேட்டாப் போச்சு. வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா வெட்டுவோம். செவப்பு வந்தா நான் வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறேன். ஆனா ஒண்ணு. எடுக்கது வேற ஆள் வேண்டாம், நீயே எடு. பெறகு யார் மேலயும் குத்தம் சொல்லக் கூடாது பாரு."

எங்கள் பக்கம் கல்யாணம் பேசினாலும், கிணறு தோண்டினாலும், இப்படிச் சாமியிடம் கேட்பதுண்டு. ஒரே அளவில் இரண்டு காகிதப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. பூசாரி கட்டிச் சாமி காலடியில் வைப்பார், கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமி சொன்னதை நம்பவில்லை என்று ஆகிவிடும், குடும்பத்துக்கு ஆகாது. அது அன்று முழுவதும் சாமி காலடியிலேயே இருக்கும். மறுநாள் காலையில் கூட்டுகிறவள் எடுத்து, அப்படியே கோவில் கிணற்றில் போட்டுவிடுவாள். எனக்குத் தெரிந்து ஒரு பொட்டலம்கூடக் கிணற்றில் விழுவதற்கு முன்னால் பிரிக்கப்பட்டது கிடையாது.

வியாழக்கிழமை நான் கோவில்பட்டியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். சுந்தரபாண்டி போன் போட்டார். கோவிலுக்குப் பூ எப்போதும் நான்தான் வாங்கி வருவேன்.

"ஏலே, நாளைக்குப் பூக்கட்டுக்கு நந்தியாவட்டை வாங்கிட்டு வந்துரு."

"செவ்வரளி எவ்வளவு வாங்கணும் அண்ணாச்சி?"

"அது வேண்டாம். வெள்ளை மட்டும் போதும்லே."

வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா, நினைத்த மாதிரி வைத்துக்கொண்டேனா என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பூவோடு போனபோது, கோவிலுக்குப் பக்கத்து ரோட்டில் ஜேசிபி வந்து நின்றுகொண்டிருந்தது. பாருங்கள் அநியாயத்தை! சாமி இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் வண்டி வந்து நிற்கிறது. அதைப் பார்த்த ஊர்க்காரன் ஒருத்தனுக்காவது உறைத்ததா? ஜேசிபி முன்னால் நின்று இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி மந்திரமூர்த்தி கருவறைப் படிக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி சுந்தரபாண்டியைக் கேட்காமல் விபூதிகூடக் கொடுக்க மாட்டார். இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் வைத்து, சூடம் காட்டி, "எடும்மா" என்றார். அக்கா குளித்து, ஈரத் தலையோடு வந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் வலது கையை நீட்டினாள். ஒட்டிப்போன அந்த விரல்களாலேயே ஒரு பொட்டலத்தை இடுக்கி எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

குலவை போட்டார்கள். அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டத்தில் போனேன். "சாமி சொல்லிட்டுலே" என்றாள். "எங் கையாலயே சொல்லிட்டு." அந்த மஞ்சணத்தியை மட்டுமாவது விடச் சொல்லிக் கேளேன்க்கா என்றேன். சாமி சொன்ன பிறகு நான் யார் கேட்க என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையும் சேர்த்து ஏசினேன்.

மத்தியானம் ஜேசிபி காட்டுக்குள் இறங்கியது. ஓட்டினவர் நந்தகோபால், விளாத்திகுளத்துப் பக்கம், நல்ல மனிதர். சாயங்காலத்துக்குள் மேற்குக் காட்டில் பாதி தரையில் கிடந்தது. உடை, ஆத்தி, பாட்டன் காலத்து வன்னி ஒன்று, எல்லாம் போயிற்று. மஞ்சணத்தி மிச்சப் பாதியில் நின்றது, அது மறுநாள் காலைக்கு. வெட்டின மரத்தைக் கரிமூட்டம் போடுகிறவரிடம் கொண்டுபோய் இறக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். இரண்டு நடை அடித்தேன்.

இரண்டாம் நடைக்கு ஏற்றும்போது ஒரு ஆத்திக் கவட்டையில் சின்னக் கூடு நசுங்கி இருந்தது. மஞ்சள் கரு கிளையில் வழிந்து காய்ந்துபோயிருந்தது. இது வேறு ஜோடி. இரண்டு குருவியும் என் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தின. ஆண் குருவி மேலே எழும்பி எழும்பி இறங்கியது, உட்காரக் கிளை இல்லை. என்னை முறைத்துக் கத்திய மாதிரியே எனக்குத் தெரிந்தது. கூட்டைத் தூக்கித் தூர எறிந்துவிட்டு லோடைக் கட்டினேன். அக்கா சுவர் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மிச்ச விறகு ஏற்றப் போனேன். அக்கா கோவிலுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். கருவறைப் படிக்குப் பின்னால், பூசாரி முந்தின நாள் பூக்கட்டின இடத்தில் வாரியல் நின்றது. குனிந்தாள். கூட்டின குப்பையை இடது கையால் கலைத்துக் கலைத்துப் பார்த்தாள். கம்மல் எதையாவது தொலைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் கருவறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, கிணற்றுப் பக்கம் போகாமல், பள்ளிக்கூடப் பக்கம் விறுவிறு என்று நடந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாரியலைப் பாதிக் கூட்டலில் போட்டுவிட்டுப் போய் நான் பார்த்தது இல்லை.

எட்டு மணிக்குச் சுந்தரபாண்டி தேங்காய் உடைக்க வந்தார். நந்தகோபால் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். முப்பது பேர் இருப்போம். அக்கா ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்து ஜேசிபிக்கு முன்னால் நின்றாள். தட்டில் இரண்டு காகிதப் பொட்டலம்.

"அண்ணாச்சி, நேத்துப் பாதிக் காடு போச்சு. மிச்சப் பாதிக்கு இன்னொரு வாட்டி கேக்கணும். நேத்து நான் எடுத்தேன். இன்னைக்கு நீங்க எடுங்க."

"என்னட்டி வெளையாடுதியா? ஒருவாட்டி கேட்டாக் கேட்டதுதான்."

"சாமி ஒருவாட்டி சரின்னா மறுவாட்டியும் சரின்னுதான சொல்லும்? எடுங்க."

கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். எடுங்க அண்ணாச்சி, வெள்ளை மாறவா போவுது என்றார்கள். மறுத்தால் பயந்துவிட்டார் என்று ஆகும். சுந்தரபாண்டி ஒரு இளிப்பு இளித்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார்.

செம்பருத்தி. பள்ளிக்கூட வேலியில் பூக்கிற அதே சிவப்புச் செம்பருத்தி.

சத்தம் அடங்கிவிட்டது. ஜேசிபி உறுமல் மட்டும் கேட்டது, அதையும் நந்தகோபால் அணைத்துவிட்டார். சுந்தரபாண்டி முகத்தில் இருந்த இளிப்பு அப்படியே காய்ந்துபோனது.

"அடுத்ததையும் பிரிங்க அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"பிரிக்கக் கூடாது!" என்று பூசாரி கத்தினார்.

அக்கா பொட்டலத்தை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து இழுத்து, எல்லாரும் பார்க்கப் பிரித்தாள். அதிலும் செம்பருத்தி.

"ரெண்டுலயும் செவப்புதான். கட்டினவ நான். ஒத்துக்கிடுதேன்" என்றாள். இடுப்பில் இருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். முந்தின நாள் அவள் எடுக்காமல் விட்டது, கிணற்றுக்குப் போயிருக்க வேண்டியது. வாடின நந்தியாவட்டையைத் தட்டில் கொட்டினாள். "நேத்து ரெண்டுலயும் வெள்ளை. பூக்கட்டின எடத்துல ரெண்டு கலர் எதழும் உதுந்து கெடக்கும். இருவத்திரெண்டு வருசமாக் கூட்டுதேன், எனக்குத் தெரியாதா? இன்னைக்கு ஒரு செவப்பு எதழ் இல்ல. அதான் பிரிச்சேன். கட்டினது யாரு, கட்டச் சொன்னது யாரு? நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஒத்துக்கிடுங்க!"

ஊர் யார் மேல் பாய்ந்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். அவள் மேல் பாய்ந்தது. "அடிப்பாவி, பொட்டலத்தப் பிரிச்சிட்டாளே, ஊரு வெளங்குமா" என்று பொம்பளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாமி பெயரால் பொய்யைக் கட்டி வைத்தவன் பாவி இல்லை, பிரித்துப் பார்த்தவள் பாவி. சுந்தரபாண்டிக்கு அது போதுமாக இருந்தது. மறுபடியும் நிமிர்ந்துகொண்டார்.

"நீயே வெள்ளப் பூவ மாத்தி வச்சிட்டு எம் மேல பழி போடுதியா? நேத்து ரெண்டுலயும் வெள்ளன்னு சொல்ல சாட்சி உண்டுமா? சாட்சியக் கொண்டா!"

அக்கா கூட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பூசாரி தரையைப் பார்த்தார். அவள் பார்வை என்னிடம் வந்தது. வந்து, நின்றது.

நான் குனிந்து என் வண்டி டயரைப் பார்த்தேன். டயரில் காற்று நன்றாகத்தான் இருந்தது.

அப்போது பேசின ஒரே ஆள் அசலூர்க்காரர். நந்தகோபால் வண்டியை விட்டு இறங்கி வந்தார். "யாரு கட்டினாங்களோ எனக்குத் தெரியாது அண்ணாச்சி. செவப்பு விழுந்த காட்டுல நான் பக்கெட்ட எறக்க மாட்டேன். எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைய இருக்கு" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார். சுந்தரபாண்டி அதற்கப்புறம் இரண்டு இடத்தில் வண்டி கேட்டார். விஷயம் விளாத்திகுளம் வரைக்கும் போயிருந்தது, ஒருத்தரும் வரவில்லை. மிச்சப் பாதிக் காடு நின்றது. மஞ்சணத்தி நின்றது. பதினைந்து நாளில் குஞ்சுகள் பறந்துவிட்டன.

அக்காவிடம் இருந்து வாரியலைப் பிடுங்கிக்கொண்டார்கள். கோவில் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சோறு, சேலை, களத்துப் படி எல்லாம் நின்றுபோனது. இப்போது நூறு நாள் வேலைக்குப் போய் அந்தக் கையோடு மண் அள்ளுகிறாள். இப்போது கூட்டுகிற பொம்பளை முதல் வேலையாக மதில் ஒட்டடையை எல்லாம் சுத்தமாக அடித்துவிட்டாள். கமிட்டிக்கு ரொம்பத் திருப்தி.

ஆடிக் கொடை வந்தது. வெட்டின பாதியில் தகரக் கொட்டகை, முகப்பில் சுந்தரபாண்டி அப்பா பெயர், உள்ளே வரிசையாகக் கார். சுந்தரபாண்டிக்கு முதல் மாலை போட்டார்கள். மாலை கட்டப் பூ வாங்கி வந்தது யார் என்று கேட்காதீர்கள். அக்கா எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் வெயிலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு வாழை இலையில் பொங்கலை வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"யக்கா, அன்னைக்கு நான் செவ்வரளி வாங்கல. வேண்டாம்னு அவருதான் போன்ல சொன்னாரு. எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் வாயத் தொறக்கல" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்லே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கோவிலுக்குப் பூ வாங்குதது நீதான. செவப்பு எதழ் இல்லன்ன உடனே, நீ வாங்கலன்னு தெரியாதா? நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

"நான்தான் சொல்லலையே. நீ எம் பேரச் சொல்லியிருக்கலாம்லா? இவன்கிட்டக் கேளுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொன்னா ஒனக்குக் கமிட்டிக்காரன் லோடு போயிரும். பிள்ளைய வச்சிருக்க. எனக்கு என்ன, ஒத்தக்கட்ட" என்றாள். கையை நீட்டினாள். "அந்த எலைய இங்க குடு. பசிக்குது."

எல்லைக்கல்லில் உட்கார்ந்து, ஒட்டின விரலால் பொங்கலை வழித்துத் தின்றாள். அவளைத் துரத்தின கோவில் பொங்கல்தான் அது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஊர் மேல் எரிச்சல், பூசாரி மேல் எரிச்சல், எல்லாவற்றையும்விட ஆள் வளர்ந்தும் டயரைப் பார்த்துக் குனிந்த இந்த மூஞ்சி மேல் எரிச்சல்.

அதனால் இப்போது சொல்கிறேன். பூக்கட்டுக்கு நான் வாங்கி வந்தது நந்தியாவட்டை மட்டும். செவ்வரளி ஒன்றுகூட வாங்கவில்லை. வேண்டாம் என்று போனில் சொன்னவர் சுந்தரபாண்டி. சாட்சி எங்கே என்று அன்றைக்குக் கேட்டார். சாட்சி நான்தான். லோடு போனால் போகட்டும். யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள், மகாராஜா சொன்னான் என்று.